விழுங்கிய காற்று

என் சொந்தக் குரலில் நான் கடைசியாகப் பேசியது, "சிஸ்டர், அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, குளிருது" என்பதுதான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது சொன்னது. கடைசி வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். மகளுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, கடவுளுக்கு ஒன்று. மூன்றையும் சொல்லி முடித்தும் விட்டேன். அதன் பிறகு குளிர் எடுத்தது. அந்த நர்ஸ் ஃபேனைக் குறைத்தாளா என்பது நினைவில் இல்லை.

அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. பின்னால் தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஒரு சின்னக் குளம். கணவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள்.

முதலில் தொண்டை கம்மியது. சாக்பீஸ் தூசி என்று நினைத்தேன். சுக்குக் கஷாயம் குடித்தேன், ஆவி பிடித்தேன், விடுமுறை வந்தால் சரியாகிவிடும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். பின் பெஞ்சுப் பிள்ளைகள் "மிஸ், கேக்கல" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே பெரிய டாக்டர் புற்று என்று சொல்லி, ஒரு தாளில் தொண்டையின் படம் வரைந்து, குரல்வளை இருந்த இடத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். இருபத்தாறு வருஷம் நான் கரும்பலகையில் வரைந்த அதே படம். மூச்சுக்குழாயின் வாயைக் கழுத்துக்குக் கொண்டுவந்து அங்கே ஒரு துளையாகத் திறந்து வைப்பார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலுக்கும் இனிமேல் ஒரு தொடர்பும் இருக்காது. குரல் போய்விடும்.

"உயிரு முக்கியமா, சத்தம் முக்கியமா?" என்று என் கணவர் வராந்தாவில் என்னைக் கேட்டார். அவர் ஆறுதலாகத்தான் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் வார்டுக்கு ஒரு ஆள் வந்தார். கறுத்து உயர்ந்த மனிதர், என் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் ஒரு துணியைக் குழந்தைகளுக்கு எச்சில் துணி கட்டுவதுபோல் கட்டியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று வாயை ஒரு தடவை மூடித் திறந்தார். பிறகு பேசினார்.

"டீச்சர். நானும். இங்கதான். கெடந்தேன்."

அது மனிதக் குரலாக எனக்குப் படவில்லை. வயிற்றிலிருந்து வரும் ஏப்பத்தில் யாரோ எழுத்துகளை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. ஒன்றிரண்டு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம், மறுபடி வாயை மூடி எதையோ விழுங்கல், மறுபடி அடுத்த வார்த்தை. துணியை விலக்கித் தன் கழுத்துத் துளையைக் காட்டினார். எனக்கு இருப்பதேதான்.

எனக்கு அருவருப்பு வந்தது. மறைத்து எழுத விருப்பமில்லை, அருவருப்புதான். இதுதான் எனக்கு மிச்சம் என்று காட்டுவதற்காகவே யாரோ அவரை அனுப்பியதாகத் தோன்றியது. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சிலேட்டை எடுத்து, 'இவரைப் போகச் சொல்லுங்க' என்று எழுதிக் கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தடுமாறினார். வந்தவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கணவரிடம் போன் நம்பரை யாரோ எழுதிக் கொடுத்திருந்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரர் என்றும், மாசத்துக்கு ஒருமுறை இப்படி வந்து ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்துவிட்டுப் போவார் என்றும் நர்ஸ் சொன்னாள். கூலி கிடையாது, பஸ் காசுகூட யாரும் கொடுப்பதில்லை.

ரேடியேஷனும் முடிந்து சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் நிஜமான நாட்கள் தொடங்கின.

மூக்கு வழியாகக் காற்று போகாததால் மணம் தெரியாது. சோறு பொங்குவது, மழை மண்ணில் விழுவது, கணவரின் சட்டை, எதற்கும் மணம் இல்லை. சூடான சாயாவை ஊதி ஆற்ற முடியாது. கழுத்துத் துளையில் சளி காய்ந்து பக்குப் பிடிக்கும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இடுக்கியால் எடுக்க வேண்டும். இருமினால் அது கழுத்திலிருந்துதான் வெளியே தெறிக்கும். அழுதால் சத்தம் வராது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட வழியில்லாமல் இருபது நிமிஷம் கிடந்தேன். கடைசியில் கைக்கு எட்டிய செம்பால் வாளியைத் தட்டினேன். அன்றிலிருந்து ஒரு ஸ்டீல் தட்டும் கரண்டியும் எப்போதும் என்னோடு இருந்தன. அவரைக் கூப்பிட வேண்டுமானால் தட்டில் தட்டுவேன்.

சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். ஜெபித்து முடித்துவிட்டு எழும்போது ஒருத்தி, நான் ஊமை மட்டுமல்ல செவிடும்தான் என்று நினைத்தோ என்னவோ, என் முன்னாலேயே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"பீடி குடிக்கிய ஆளுவளுக்குல்லா இது வரும். இவளுக்கு எப்படி வந்துதோ."

நான் தட்டை எடுத்து ஓங்கித் தட்டினேன். கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். அவர்கள் பயந்துபோய் எழுந்து போனார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் மெஷின் ஒன்றைத் தந்து பார்த்தாள். ரேடியேஷனில் என் கழுத்து கட்டைபோல் இறுகியிருந்ததால் அது ஒத்துவரவில்லை. வால்வு வைக்கலாமா என்று கேட்டதற்கு என் நிலைமைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது அந்த இனயத்துக்காரர் பேசிய முறைதான். காற்றை உணவுக்குழாய்க்குள் இறக்கி, அது திரும்பி வரும்போது வார்த்தையாக்க வேண்டும். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். சோடா குடித்தேன். உமிழ்நீர் வற்றிப்போன வாயால் விழுங்கி விழுங்கி வயிறு ஊதியதுதான் மிச்சம். சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு நான் போகவில்லை.

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் ஒருநாள் மத்தியானம் கணவர் சாப்பிட்டுவிட்டு உறங்கியபோது நான் பின்பக்கம் குளத்துக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே நாலு படி உண்டு. மேல்படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் மூன்றாம் படி வரை ஏறியிருந்தது. கழுத்துக்குத் தண்ணீர் படவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அன்று அங்கே நான் எதற்காகப் போனேன் என்று என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாம் படியில் ஒரு தவளை இருந்தது. பெரிதொன்றும் இல்லை, குளத்தில் எப்போதும் இருக்கும் சாதாரணத் தவளை. என்னைக் கண்டும் குதிக்கவில்லை. அதன் வாய் இறுக மூடியிருந்தது. தாடைக்குக் கீழே இருக்கும் வெளுத்த தோல் மட்டும் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தவளைக்கு விலா எலும்பு கிடையாது, உதரவிதானம் கிடையாது. அதனால் நம்மைப்போல் நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்க அதற்கு முடியாது. வாய்க்குழியின் தரையைத் தாழ்த்தி மூக்கு வழியாகக் காற்றை வாய்க்குள் வாங்கும். பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு, தரையை உயர்த்தி, அந்தக் காற்றை உள்ளே தள்ளும். வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்கு நடத்திய பாடம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. 'தவளை காற்றை இழுப்பதில்லை, விழுங்குகிறது' என்று நான் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு தவளை மூச்சுவிடுவதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அறுத்துப் பார்த்திருக்கிறேன். மெழுகுத் தட்டில் நாலு காலையும் ஊசி குத்தி எத்தனையோ தவளைகள்.

ஒரு மணி நேரம் பார்த்திருப்பேன். அது எதையும் விழுங்குவதாகத் தெரியவில்லை. தொண்டையால் முக்கவும் இல்லை. வாயைத்தான் பயன்படுத்தியது, வாயை ஒரு பம்பாக. நான் இத்தனை நாளும் சோற்றை விழுங்குவதுபோல் காற்றைத் தொண்டையால் விழுங்கப் பார்த்தேன். அதுதான் பிழை. உதட்டை மூடினேன். நாக்கை அண்ணத்தில் ஒட்டி, முன்னாலிருந்து பின்னாகச் சுருட்டி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும். மறுபடியும். பத்து, இருபது தடவை கழிந்து, காற்று 'களுக்' என்று உள்ளே இறங்கியது. உடனே திருப்பி விட்டேன்.

"ப" என்று ஒரு சத்தம் வந்தது.

தவளை குதித்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் நனைந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்து, இருட்டும்வரை "ப, ப, ப" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் குடையோடு தேடி வந்தபோது அவரைப் பார்த்தும் அதையே சொன்னேன். அவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுக்கச் சொல்லி எழுதிக் காட்டினேன். பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தார். போன் செய்ததும் அந்தப் பக்கம் அவருடைய மனைவி எடுத்து, "வாருங்க, எப்பவேணாலும் வாருங்க, இவரு எங்க போவப்போறாரு" என்று சொன்னாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காடு, குளச்சல் வழியாக இனயம் போனோம். கடலரிப்புக்காகப் போட்ட கருங்கல் சுவரை ஒட்டிய வீடு. அலை அடிக்கும்போது கதவு அதிர்ந்தது. அவர் வாசலில் நைலான் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வார்டில் சிரித்த அதே சிரிப்பு.

"வெரட்டின ஆளு. வந்தாச்சா?"

நான் "ப" என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவர் வலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கொள்ளாம் டீச்சர்," என்றார். "பின்ன என்ன. பானா வந்தா. மத்ததும் வரும்."

பதினாறு வயதில் கடலுக்குப் போனவர். ஆழ்கடலில் பத்து இருபது நாள் தங்கித் தொழில் செய்திருக்கிறார், பஹ்ரைனில் அரபிக்காரனுடைய படகில் பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் கடல் கிடையாது. படகு ஒரு தடவை சரிந்து ஒரு அலை கழுத்துக்கு மேல் அடித்தால் துளை வழியாகத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். இடுப்பளவு தண்ணீரில்கூட இறங்கக்கூடாது. ஆறு வருஷமாகக் கரையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய வலையைத் தைக்கிறார்.

எப்படி இருக்க முடிகிறது என்று நான் சிலேட்டில் எழுத, கணவர் வாசித்துக் கேட்டார்.

"ஓங்கல். கண்டிருக்கியளா டீச்சர்?" என்று கேட்டார். டால்பினை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். "அதுக்க மூக்கு. தலையிலதான். எனக்கு. கழுத்துல. ரெண்டும். ஓட்டதான். அது மூடிக்கிட்டு. உள்ள போவும். எனக்கு. மூடத் தெரியாது. அம்புட்டுதான். வித்தியாசம்."

அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "இதை எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பாரு. ராத்திரி ஒறக்கத்துல கையும் காலும் நீந்துகது எனக்கல்லா தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு இறக்கி வைத்த வலையைக் கையில் எடுத்தார்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போனேன். அவருக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. செய்து காட்டுவார், நான் தவளையை நினைத்துக்கொண்டு செய்வேன். அவசரப்பட்டால் காற்று வயிற்றுக்குள் போய்விடும். கோபம் வந்தால் தொண்டை இறுகிவிடும். அதை அவர் என்னிடம் சொன்ன விதம்: "வெப்ராளம் வந்தா. வார்த்த வராது." ஐப்பசிக்குள் எனக்கு இரண்டு மூன்று வார்த்தைகள் சேர்த்துப் பேச வந்தது. ஆனால் அந்தக் குரல் ஆண் குரலைப்போல, அதுவும் வயசான ஆணின் குரலைப்போல இருந்தது. அவர் குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசமே தெரியாது என்று கணவர் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் யார் பேசுவது என்று தெரியவில்லையாம்.

எனக்குப் பேச வந்ததை மகளுக்கு அதுவரை சொல்லவில்லை. அவளுடைய பிறந்தநாளுக்கு நானே போன் செய்து பேசுவது என்று ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். அவள் நம்பரைப் பார்க்காமலே எடுத்தாள் போலும். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, "மக்களே. அம்மா" என்றேன்.

"ஹலோ? யாரு சார்? ராங் நம்பர்," என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். கணவர் பக்கத்திலிருந்து, "ஏ, அம்மாதான் பேசுகா" என்று உரக்கச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை. பிறகு, "அம்மா, கஷ்டப்படாதம்மா. மெசேஜ் போடு, போதும். எனக்கு இத கேக்க முடியல" என்றாள்.

அவள் மேல் பிழை இல்லை. எனக்கும் முதல் தடவை கேட்க முடியவில்லை அல்லவா. ஆனாலும் அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. தட்டும் கரண்டியும் திரும்பி வந்தன. இனயத்துக்கும் போகவில்லை.

மூன்றாம் வாரம் அவரே பஸ் ஏறி வந்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, கழுத்துத் துணி நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் பையைக் குடைபோல நெஞ்சில் பிடித்திருந்தார். கணவர் நடந்ததைச் சொன்னார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சாயாவை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"எனக்க மொவன்," என்றார், "கல்யாணத்துக்கு. பொண்ணு பாக்க. போனப்போ. 'அப்பா நீங்க பேசாண்டாம்'ன்னான். நான் பேசல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க. ஊமைன்னு. நெனச்சினும்."

நான் சிலேட்டை எடுத்தேன். அவர் கையால் தடுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சங்கடம். இல்லையா?"

"உண்டு," என்றார். "அவனுக்கு நாணக்கேடு. அது அவனுக்க காரியம். நான் இப்பவும். பேசுதேன். அவன். எழும்பிப் போவான். நான். பேசுதேன்."

எழும்போது, வரும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேனா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

போனேன். அதிலிருந்து மாதாமாதம் ஆஸ்பத்திரி கேட்டில் சந்தித்துக்கொள்வோம், அவர் களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் வருவார், நானும் கணவரும் ரயிலில். வார்டில் அவர் எல்லோரிடமும் அதே மூன்று வார்த்தைதான் சொல்வார். பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு பெண்ணின் கணவன், "இவளும் இப்படித்தான் பேசுவாளா?" என்று என்னைக் காட்டி நர்ஸிடம் கேட்டான். ஒரு கிழவர் எங்கள் மேல் தண்ணீர் டம்ளரை எறிந்தார். இனயத்துக்காரர் குனிந்து டம்ளரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தார். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் மட்டும் அவர் வாயையே உற்றுப் பார்ப்பார். அந்த ஒருவரிடம் அவர் அரைமணி நேரம் நிற்பார். திரும்பும்போது அதைப் பற்றிப் பேசமாட்டார். அவருடைய பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மீன் விலையைப் பற்றித்தான் பேச்சு.

பள்ளியில் என்னை நூலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். தவளைப் பாடத்தை மட்டும் நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கினேன். மைக் வைத்துக்கொண்டேன். முதல் வார்த்தைக்கே பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு வகுப்பு மொத்தமும் அடங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் என் குரல் தீர்ந்துபோனது. மிச்சத்தைப் படமாக வரைந்தேன். பிள்ளைகள் தலை குனிந்து வரைந்தார்கள். நல்ல வகுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நடத்தியது எனக்குத் தெரிந்த பாடம்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாம் வருஷம் மார்கழியில் ஆஸ்பத்திரி கேட்டில் அவரைப் பார்த்தபோது கழுத்துத் துணியை வழக்கத்தைவிட உயர்த்திக் கட்டியிருந்தார். வார்டில் ஒரு கட்டிலின் முன் நின்று வாயை மூடித் திறந்தார். வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன்.

"நாங்களும். இங்கதான். கெடந்தோம்."

வெளியே வந்ததும் துணியை இறக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே எலுமிச்சை அளவு வீக்கம். இரண்டு மாதமாக இருக்கிறதாம், வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதே கட்டிடத்தில் மாதாமாதம் ஏறி இறங்கியவர், கீழ்த்தளத்தில் இருந்த டாக்டரிடம் காட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். கையை மட்டும் விரித்தார்.

அன்றே அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். நோய் திரும்பி வந்திருந்தது. உணவுக்குழாயையும் நெருக்கிவிட்டிருந்தது. செய்வதற்கு அதிகம் இல்லை, வலிக்கு மருந்து தரலாம் என்றார்கள்.

அவருடைய குரல் இரண்டாம் தடவையும் போனது. இந்தத் தடவை பதிலுக்கு ஒன்றும் இல்லை. எனக்காவது சிலேட் இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர். நான் வாரம்தோறும் இனயத்துக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், அவர் கண்ணால் கேட்பார். வலி அதிகமாகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்குவார், அந்த விரல் தடம் வீட்டுக்கு வரும்வரை இருக்கும். அவருடைய மகன் ஒருநாள் வந்து வாசலில் நின்றான். உள்ளே வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எதாவது சொல்லுங்கப்பா" என்று அழுதான். அவர் வாயை மூடித் திறந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இறந்தார். கோயிலுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். மணல்தான், தோண்டத் தோண்டச் சரிந்தது. வார்டில் அவர் பேசிப் பழக்கியவர்களில் நாலு பேர் வந்திருந்தோம். கழுத்தில் துணி கட்டிய நாலு பேரும் ஒரு ஓரமாக நின்றோம். பாட்டுக்கு எங்களால் வாய் அசைக்கத்தான் முடிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். கணவருக்குக் காய்ச்சல், நான் தனியாகவே பஸ்ஸில் போனேன். பூசை முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்த பிறகு அவருடைய மனைவி என்னைப் போகவிடவில்லை. அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். கதவு அலைக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விறகைத் தள்ளினாள்.

"டீச்சர்," என்றாள் பிறகு. "ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கப்பிடாது."

"கேளுங்க," என்றேன்.

"பழைய கொரலு எனக்கு ஓர்மையே இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தாச்சு, வரல்ல. இந்தக் கொரலுதான் ஓர்மையில நிக்கி." விறகை மறுபடி தள்ளினாள். "ஒங்க கொரலும் அதேதான். நீங்க வாசல்ல நின்னு ஆருகிட்டயோ பேசும்போ எனக்கு நெஞ்சு அடிக்கி."

நான் பலகையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கடப்பொறத்துலேருந்து வந்தா வாசப்படியிலயே நின்னு கேப்பாரு, 'ஏட்டி, கஞ்சி குடிச்சியா'ன்னு. வேற ஒண்ணும் கேக்கமாட்டாரு. அதை ஒருக்கா சொல்லுங்க டீச்சர். ஒரே ஒருக்கா."

உதட்டை மூடினேன். காற்று இறங்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, காத்திருந்தாள். நான் கண்ணை மூடி, நாக்கை அண்ணத்தில் வைத்து, அவசரப்படாமல் மறுபடி அழுத்தினேன்.

"ஏட்டி. கஞ்சி. குடிச்சியா?"

அவளுடைய தோள் ஒரு தடவை உயர்ந்து இறங்கியது.

"இல்ல," என்றாள் அடுப்பைப் பார்த்தபடியே. "இன்னும் குடிக்கல்ல."

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பாத்திரத்தில் கஞ்சியை ஊற்றி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு வைத்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் குடித்தோம்.